அறிஞர் குடியிருந்த சுவர்

எங்கள் தெருவில் காலையில் முதலில் எழுந்துகொள்வது ரொட்டிக்கடைதான். நான் கடையைத் திறந்து, முந்தின நாள் பாதியில் விட்ட மோட்டாரை மேசைமேல் தூக்கி வைக்கிற நேரத்தில் எதிர்ச்சாரியில் முதல் அடுப்பு ரொட்டி வெளியே வந்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடும் தாய்கூட அந்த வாசலில் கொஞ்சம் நடையைத் தளர்த்துவாள். நான் கருகிப்போன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். கருகிய வார்னிஷ் நாற்றத்திலேயே காலம் தள்ளுகிறவனுக்கு அந்த ரொட்டி வாசனையின் அருமை மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரியும். அதைத்தான் நாற அடித்தார்கள். எப்படி நாற அடித்தார்கள் என்று சொல்லப்போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வரலாம்.

கடையை நடத்துவது புருஷனும் பெண்டாட்டியும். அவரை அண்ணன் என்றும் அவளை அக்கா என்றும் கூப்பிடுவேன். ஒரே பெண்ணை வெளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அடுப்பு அண்ணனுடையது, மாவு அக்காவுடையது. மாவு பிசைய ஒத்தாசைக்கு ஒரு பெண் வருவாள். ஆள் நெடுநெடுவென்று இருப்பதால் நெட்டையக்கா என்று பெயர். இரண்டு பெண்களும் முழங்கைவரை மாவில் விட்டு, மரத்தொட்டியின் இரண்டு பக்கமும் நின்று பிசைவதை என் மேசையிலிருந்தே பார்க்கலாம். பேச்சும் சிரிப்புமாக இருக்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டால், "உனக்கெதுக்கு அதெல்லாம், உன் கம்பியப் பாரு" என்பார்கள். அந்த ரொட்டியில் பாதி தெருவுக்கு, பாதி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. ஆஸ்பத்திரி வண்டி காலையிலேயே வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும்.

வீடு பழைய வீடு. கீழே முன்னறையில் கடை, அதை ஒட்டித் தெருப்பக்கச் சுவரோடு மாவு பிசையும் அறை, பின்னால் அடுப்பு. மாடியில் வீட்டுக்காரர் குடும்பம். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே மேலே இருந்தது. அவரை நாங்கள் மாடிக்காரர் என்றுதான் சொல்வோம்.

இந்த வீட்டில்தான் ஒரு காலத்தில் அறிஞர் குடியிருந்தார் என்று நினைவுக் குழுக்காரர்கள் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள். அறிஞர் பெரிய ஆள். அவர் பெயரில் சாலை இருக்கிறது, நூலகம் இருக்கிறது, சிலைகூட இருக்கிறது. அவர் எழுதிய பெரிய புத்தகத்தை எங்கள் தெருவில் ஒருத்தரும் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனாலும் பெருமைக்குக் குறைச்சல் இல்லை. வாலிப வயதில் அவர் கீழறையில் வாடகைக்கு இருந்தாராம், புத்தகத்தின் முதல் பாகத்தை அங்கேதான் எழுதினாராம். ஆகையால் வாசலில் பித்தளைப் பலகை பதிக்க வேண்டும் என்றார்கள்.

பலகை பதித்த அன்று நானும் போய் நின்றேன். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், நல்ல இஸ்திரி போட்ட சட்டை. அவரே நாடா பிடித்து அளந்தார். ஊரில் உள்ள எல்லா நினைவுப் பலகையும் கதவுக்கு வலதுபுறம், ஒரே உயரத்தில்தான் இருக்கும், அது குழுவின் விதி என்றார். அறிஞரின் முகம் புடைப்பாகச் செய்த கனத்த பலகை அது. இரண்டு பேர் தூக்கிப் பிடித்துக்கொள்ள, துளை போடுகிறவன் மெஷினை எடுத்தான். மாடிக்காரர் பால்கனியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் அந்தாண்ட தள்ளி வெச்சுக்கலாமே" என்றார்.

"வலதுபுறம்னா வலதுபுறம்தான் சார். விதியை மாத்த முடியாது" என்றார் பேராசிரியர்.

"இல்ல, பழைய சுவரு... ஆழமாப் போட வேணாம்னு சொன்னேன்."

"நீள ஸ்க்ரூ போடலேன்னா ஒரு மழைக்குத் தாங்காது சார்" என்றான் துளை போடுகிறவன்.

மாடிக்காரர் மெஷின் சுவருக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார். ஏதோ சுவர் விரிசல் விடும் என்று பயப்படுகிறார் மனிதர் என்றுதான் நான் நினைத்தேன்.

திறப்பு விழாவில் அண்ணனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கில் பேராசிரியர், "இந்த இல்லத்தின் காப்பாளர் இவர். இந்தப் பலகை இனி இவர் பொறுப்பு" என்றார். கூட்டம் கைதட்டியது. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அடுப்புச் சூட்டிலேயே வெந்து, புருவம் கருகி, யாருக்கும் வேண்டாத மூலையில் கிடந்த மனிதர். அவர் கருத்தை அவர் வீட்டுப் பூனைகூடக் கேட்டதில்லை. அன்று அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஆட்கள் முண்டியடித்தார்கள். அதோடு ஆள் மாறிப்போனார்.

பலகையைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அண்ணன் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். முதலில் பலகையில் இருந்ததைப் படித்துச் சொன்னார். அப்புறம் இல்லாததையும் சொல்ல ஆரம்பித்தார். அறிஞர் இந்தத் திண்டில்தான் உட்கார்ந்து யோசிப்பாராம். இந்த அடுப்பில்தான் குளிர் காய்வாராம். இங்கே சுட்ட ரொட்டி இல்லாமல் பேனாவைத் தொடமாட்டாராம்.

"அடுப்பு நாம வந்து கட்டினது" என்று அக்கா உள்ளேயிருந்து சொன்னாள்.

"நீ உன் வேலையப் பாரு."

"நாம வர்றதுக்கு முந்தி இது சைக்கிள் கடைங்க. அந்த மனுஷன் ரொட்டியத் தின்னாரோ ட்யூபத் தின்னாரோ."

நெட்டையக்கா தொட்டிமேல் குப்புற விழுந்து சிரித்தாள். வந்திருந்த ஆட்களும் சிரித்துவிட்டார்கள். அண்ணனுக்கு மூஞ்சி சுண்டிப்போயிற்று. அன்றைக்குப் பூராவும் அக்காவோடு பேசவில்லை. தெருப் பையன்கள் அவரைக் காப்பாளர் என்று கேலியாகத்தான் கூப்பிட்டார்கள்; அவருக்கு அது கேலியாகவே படவில்லை.

மழைக்கு முந்தின புழுக்கம். காற்று அசையாமல், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் நாட்கள். அப்போதுதான் ரொட்டி வாசனைக்கு அடியில் இன்னொன்று லேசாகத் தலைகாட்டியது. செத்த எலி என்று நினைத்து என் கடையையே புரட்டிப் பார்த்தேன். எதுவும் இல்லை. இரண்டொரு நாளில் அது எங்கிருந்து வருகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாமல் போயிற்று.

"மாவு கெட்டுப்போச்சு" என்றார் அண்ணன்.

ரொட்டிக்காரர்களுக்கு எந்த நாற்றம் வந்தாலும் முதல் சந்தேகம் மாவின்மேல்தான். நாளைய மாவு பொங்குவதற்காக இன்றைய புளித்த மாவில் ஒரு பிடி எடுத்து மூடி வைப்பார்கள். பாத்திரத்தில் அழுக்குப் பட்டாலோ, கழுவாத கையால் தொட்டாலோ அது கெட்டு நாறிவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஆக, மாவு நாறினால் அதைத் தொட்ட கை சுத்தமில்லை என்று அர்த்தம். அடுப்பைப் பார்க்கிறவருக்கு அதில் பங்கே கிடையாது. அந்தத் தொழிலில் ஒரு பெண்ணை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது.

புளித்த மாவு அத்தனையையும் அக்கா சாக்கடையில் கொட்டினாள். தொட்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாள். புதிதாக ஈஸ்ட் வாங்கி மறுபடி ஆரம்பித்தார்கள். அதுவும் நாறியது. மறுபடி கொட்டினாள். மறுபடி தேய்த்தாள். ரொட்டி வாங்க வருகிறவர்கள் பாக்கெட்டை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டார்கள். அப்புறம் வராமலே போனார்கள். அவர்களில் சிலர் என் கடையில் நின்று, "பொம்பள சுத்தமில்லைப்பா, வேறென்ன" என்று பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க வீட்டு மிக்சியப் பிரிச்சு வெச்சிருக்கேன், அதுக்குள்ள இருக்கறத வந்து பாக்கறீங்களா?" என்று ஒருத்தியைக் கேட்டுவிட்டேன். அவள் அதன்பிறகு என் கடைக்கும் வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் நெட்டையக்கா அழுதுகொண்டே தெருவைக் கடந்து போனாள். அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார் அண்ணன். வாசலில் நாலு பேர் நிற்கும்போதே, "கையக் கழுவத் தெரியாதவளெல்லாம் மாவத் தொட வந்துட்டா" என்று சொல்லி அனுப்பினார். அவள் அங்கே வேலைக்கு வரும்போது அக்காவின் பெண் பால்குடிப் பிள்ளை.

அடுத்த நாள் மத்தியானம் தெரு வெறிச்சென்று இருந்தபோது அக்கா என் கடைக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"தம்பி, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவியா?"

"கேளுக்கா."

இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாரு."

குனிந்து மோந்து பார்த்தேன். அந்தக் கைகள் வெளிறி, விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ரத்தம் கசிந்துகொண்டிருந்தன. தரை கழுவுகிற மருந்தைக் கையில் ஊற்றித் தேய்த்திருக்கிறாள்.

"மருந்து வாடைதான்க்கா வருது. வேற ஒண்ணும் இல்ல."

"எனக்காகச் சொல்றியா?"

"எனக்கு மூக்குதான் பொழப்பே. மோட்டாரப் பிரிக்காமலே உள்ள எந்தக் காயில் போச்சுன்னு சொல்லுவேன். உன் கையில ஒண்ணும் இல்லக்கா."

"அவரு எம்மேலதான் வருதுங்கறாரு. படுத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கறாரு. தலையில வருதுன்னாரு, முடிய வெட்டிக்கிட்டேன். துணியில வருதுன்னாரு, பழைய துணியெல்லாம் எரிச்சேன். இனிமே தோலத்தான் உரிக்கணும்." கையை மடக்கிக்கொண்டாள். "எனக்கே எம்மேல கொமட்டுது தம்பி. சோத்த வாய்க்குக் கொண்டுபோனா இந்தக் கைதானேன்னு தோணுது. நெட்டைய நிறுத்தினப்பகூட நான் வாயத் தொறக்கல. நம்மகிட்டதான் தப்பு இருக்கு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறதுன்னு இருந்துட்டேன்."

"வெளியிலயுந்தான் நாறுது, அண்ணனுக்கு அது தெரியலியாக்கா? அவரு எப்பவும் வாசல்லயே நிக்கறாரே."

"அவருக்கு அந்தப் பித்தளையத் தொடைக்கவே நேரம் சரியா இருக்கு. விடியறதுக்குள்ள எந்திரிச்சுத் தொடைக்கறாரு. என்னை இவ்வளவு அக்கறையாத் தொட்டதில்ல" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அவர் அப்படி என்னதான் துடைக்கிறார் என்பது அதற்கடுத்த ஓரிரு நாளில் தெரிந்துபோயிற்று. அன்று நான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கடை திறந்தேன். ஒரு தண்ணீர் மோட்டாரை அன்றே கொடுக்க வேண்டியிருந்தது. வானம் மூடிக்கிடந்தது. எதிரே அண்ணன் பலகையை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். இடது கையில் ஒரு மாவு உருண்டை. அதைக் கிள்ளிக் கிள்ளி, பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் கட்டைவிரலால் திணித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்து அக்கா வெளியே வந்தது அவருக்குத் தெரியவில்லை.

"என்ன பண்றீங்க?"

"தொடைக்கறேன்."

"கையில என்ன?"

"மாவு."

"பித்தளைக்கு எதுக்கு மாவு?"

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அக்கா கையில் மாவு வெட்டும் தகடு இருந்தது. அவரை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு அந்தத் தகட்டை இடுக்கில் விட்டு நெம்பினாள். காய்ந்த மாவு கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. மேலே பச்சை பூத்து, உள்ளே மஞ்சளாக ஊறிப்போய் இருந்தது. அதன் பின்னாலேயே பழுப்பாக ஒரு கோடு மெதுவாகச் சுவரில் இறங்கியது. நான் தெருவைக் கடந்து பாதி வந்துவிட்டேன். அங்கேயே நின்றுவிட்டேன். அது என்ன என்று யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

அக்கா தகட்டைக் கீழே போடவில்லை. சத்தமும் போடவில்லை.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இப்பத்தான்..."

"நெட்டைய நிறுத்தறதுக்கு முந்தியா, பிந்தியா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவரையே பார்த்தேன்.

"கேக்கறேன்ல. முந்தியா, பிந்தியா?"

"முந்திதான்."

"முதல் தடவ மாவக் கொட்டினோமே, அப்போ?"

"அப்போ நிஜமாவே மாவுன்னுதான் நெனச்சேன். சத்தியமா. ரெண்டாவது தடவ கொட்டினப்புறம்தான் சுவத்துல ஈரம் பாத்தேன். மாவு மூட்டைய நகத்தி மறைச்சு வெச்சேன்."

"அப்போ என் கைன்னு சொன்னது?"

"வெளிய தெரிஞ்சா பலகைய எடுத்துருவாங்கடி. வேற வீட்டுல கொண்டுபோய் வெச்சுருவாங்க. கொஞ்ச நாள் சமாளிச்சுட்டா அதுவா அடைச்சுக்கும்னு பாத்தேன்."

"என் முடிய வெட்டினப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க."

 அக்கா மாவு உருண்டை ஒட்டியிருந்த அவர் கையையே பார்த்தாள்.

"அடச்சுட்டு உள்ள வந்து ரொட்டி உருட்டுவீங்களே. கையக் கழுவுவீங்களா?"

"தொடச்சுக்குவேன்" என்றார் அண்ணன்.

நான் சாக்கடை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். அந்த ரொட்டியைத்தான் நானும் தினமும் தின்றுகொண்டிருந்தேன்.

பேச்சுக் குரல் கேட்டு மாடிக்காரர் துண்டோடு இறங்கி வந்தார். சுவரைப் பார்த்தார். ஆச்சரியப்படவே இல்லை அந்த மனிதர். கழிவறைக் குழாயைச் சுவருக்குள் விட்டுப் பூசிவிட்டேன், வெளியே தெரிந்தால் முகப்பு அழகு கெட்டுவிடுமே என்றார்.

"இந்தச் சுவத்துக்குள்ளயா? அந்தப் பக்கம் நாங்க மாவு பிசையறோம்" என்றாள் அக்கா.

"பூசித்தானேம்மா இருக்கு. பூசினா என்ன தெரியப்போவுது?"

"துளை போடறப்ப மேலதான நின்னீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று நான் கேட்டேன்.

"தள்ளி வெக்கச் சொன்னேனேப்பா. நீயும் கேட்டுக்கிட்டுத்தான நின்ன. அத்தன பெரிய மனுஷங்க நடுவுல கக்கூஸ் குழாயப் பத்தி எப்படிப் பேசறது? நாகரிகமா இருக்குமா?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மாடிக் கழிவறையில் யாரோ தண்ணீர் இழுத்துவிட்டார்கள். சுவருக்குள் கடகடவென்று சத்தம் இறங்கியது. பலகையின் நாலு ஸ்க்ரூவில் ஒன்றைச் சுற்றிக் குமிழியிட்டுப் பொங்கி, அறிஞரின் தாடையை ஒட்டி வழிந்தது. மாடிக்காரர் துண்டைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் வீட்டுச் சரக்குதான் அது. அவருக்கே பொறுக்கவில்லை.

குழாயை மாற்ற வேண்டுமானால் பலகையைக் கழற்ற வேண்டும், பலகை குழுவின் சொத்து, அதை நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். பலகை வந்தபிறகு வீட்டுக்கு நல்ல மதிப்பு வந்திருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும்.

பலகையைக் கழற்றச் சொல்லிக் கேட்க அன்று காலையிலேயே பேராசிரியர் வீட்டுக்கு அக்காவோடு நான் போனேன். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தட்டில் பன். ஒன்றைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்து வாயில் போட்டபடி, "வாங்கம்மா வாங்க. உங்க கடை பன்தான். அறிஞர் வீட்டு பன்னுன்னு என் மருமக தேடிப்போய் வாங்கிட்டு வருவா" என்றார்.

"அதத் திங்காதீங்க ஐயா" என்றாள் அக்கா. எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை.

அவர் வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று கொஞ்ச நேரம் தவித்தார். கடைசியில் கைக்குட்டையில் துப்பி, அதை மடித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டார்.

"இப்போ கழட்டறது கஷ்டம்மா. அறிஞரோட நூற்றாண்டு வருது. வெளிநாட்டுலேருந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்க. வந்து வெறும் சுவரையா பாப்பாங்க?"

"வந்தா மோப்பாங்க ஐயா."

"அதுக்கு ஏதாவது வாசனை அடிச்சுக்கலாம். நான் வீட்டுக்காரர்கிட்ட பேசறேன். குழுவுல வெச்சு முடிவு பண்ணுவோம். அதுவரைக்கும் இது நமக்குள்ள இருக்கட்டும். அறிஞரோட பேரு இதுல சம்பந்தப்பட்டிருக்கு."

"எங்க ரொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவுது ஐயா. வயித்தால போறவன், ஆபரேஷன் பண்ணிப் படுத்துக் கெடக்கறவன், பிள்ள பெத்தவ, எல்லாரும் அதத்தான் திங்கறாங்க."

"அதனாலதான் சொல்றேன். வெளிய தெரிஞ்சா உங்க கடைக்குத்தானே முதல் நஷ்டம்?"

எவ்வளவு பதவிசாகச் சொன்னார். எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். தட்டில் மிச்சம் இருந்த பன்களைக் காகிதத்தில் சுற்றி, வீட்டு வேலை செய்யும் பெண்ணிடம், "இந்தா, நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்று கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவும் பார்த்துவிட்டாள். விடுவிடுவென்று திரும்பப் போய் அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வழியில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள். அந்த ஆளுடைய புத்தக அலமாரிகளை ஒரு நாள் பூராவும் எண்ணிக்கொண்டிருக்கலாம், அவ்வளவு படித்திருக்கிறார்.

நாங்கள் திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரி வண்டி புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் தனியாகவே பிசைந்து, சுட்டு, ஏற்றிவிட்டிருந்தார். பலகை இடுக்கில் புது மாவு வெள்ளையாக இருந்தது.

"ஏன் அனுப்பினீங்க?"

"அவ்வளவு சூட்டுல எல்லாம் செத்துரும்டி. இத்தன நாளா அனுப்பினோமே, யாருக்கு என்ன ஆச்சு?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். நகரசபைச் சுகாதார அலுவலகம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டாள். 

"உன் கடைக்கு நீயே பூட்டுப் போடச் சொல்லப்போறியாக்கா? சோத்துக்கு என்ன பண்ணுவ?"

"தெரியல."

"கொஞ்சம் யோசிச்சுப் பாரு. அண்ணன் கொஞ்ச நாள்ல எறங்கி வருவாரு."

"அவரு எறங்கி வர்றதுக்குள்ள நாளைக்கு வண்டி வந்துரும் தம்பி. பொம்பளைக்குச் சுத்தமில்லைன்னு தெருவே சொல்லிச்சு. நானும் ஆமான்னு நம்பினேன். இப்போ தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் அந்த மாவத் தொட்டேன்னா அப்போதான் நெஜமாவே என் கை நாறும்." பிறகு, "நீ வரலேன்னா பரவால்ல. எனக்கு வழி மட்டும் சொல்லு" என்றாள்.

நானும் போனேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர், யார்மேல் புகார் என்று கேட்டார். "எங்க கடைமேலதான்" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வண்டி வருவதற்கு முன்பே சுகாதார அதிகாரி வந்துவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க வாசலில் கூடிவிட்டது. மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அதிகாரி உள்ளே போய் மாவு மூட்டைகளை நகர்த்தச் சொன்னார். மூட்டைக்குப் பின்னால் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஊறி, பூச்சு பொருக்குவிட்டு, புழு நெளிந்துகொண்டிருந்தது. அவர் வெளியே ஓடி வந்து காறித் துப்பினார். "இதுல சாப்பாட்டுச் சாமானா பண்றீங்க? மனுஷங்கதானா நீங்கெல்லாம்?" என்றார்.  நெட்டையக்காவுக்கு யார் சொன்னார்களோ, அவளும் வந்து கூட்டத்தின் பின்னால் தலையெல்லாம் நனைந்து நின்றிருந்தாள்.

அண்ணன் தனியாகச் சுட்டு வைத்திருந்த ரொட்டி அத்தனையையும் மருந்து ஊற்றி அழித்தார்கள். அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். அண்ணன் படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கே ஒரு கணம் மனசு இளகிவிட்டது. ஆயுசு முழுக்க நின்ற இடம் அல்லவா. அக்கா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். 

கதவை இழுத்துச் சாத்திப் பூட்டி அரக்கு வைத்தார்கள். சிப்பந்தி பசை வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கதவுக்கு வலதுபுறம்தான் சுவர் அகலமாக இருந்தது. அறிவிப்புத் தாளை விரித்து, பாதி பலகைமேல் படுகிற மாதிரி பிடித்து, தூரிகையைத் தோய்த்தான். அண்ணன் விருட்டென்று எழுந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. ஓடிப்போய் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். கடைக்காகக் கெஞ்சப்போகிறார் என்றுதான் தெருவே நினைத்தது. அக்காவும் ஓரடி எடுத்து வைத்தாள்.

"சார், பலகை மறையாம ஒட்டச் சொல்லுங்க சார்" என்றார் அண்ணன்.

அதிகாரிக்குப் புரியவில்லை. சிப்பந்தி தாளைக் கீழே இறக்கினான். "இன்னும் கொஞ்சம் கீழப்பா. பேரு தெரியணும்" என்று சொல்லி, தாளின் ஒரு மூலையை அண்ணனே பிடித்துக்கொடுத்தார்.

 அக்கா பழக்க தோஷத்தில் இடுப்பில் கட்டியிருந்த மாவுத் துணியை அவிழ்த்தாள். அதை அவர் தோள்மேல் போட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே நெட்டையக்காவிடம் போனாள். இரண்டு பேரும் மழையில் தெருக்கோடியை நோக்கி நடந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் தோளில் கிடந்த துணியை எடுத்தார். போகிறவளைப் பார்த்தார். பிறகு அந்தத் துணியால், பலகையில் தெறித்திருந்த பசையைத் துடைக்க ஆரம்பித்தார்.